பாவசங்கீர்த்தனம் என்னுஞ் சொல்

சங்கீர்த்தனம் என்றவுடன் சைவ வைணவர் செவிக்கு நாமசங்கீர்த்தனமே நினைவில் எழும். பலர் கூடி இறைவன் புகழைப் பாடுதற்குரிய அச்சொல், ஒருவன் தன் பாவத்தைக் குருவின் செவியில் மறைவாகக் கூறுதற்குப் பெயராயினமை வியப்பன்றோ? கத்தோலிக்க அயலவர் வாயில் இதனை நாடோறுங் கேட்டும் நம்மனோர் ஆராய்ந்திலர்.

1580ஆம் ஆண்டிற் கொச்சியில் அண்டிரிக் அடிகளார் இப்பொருள்பற்றித் தமிழில் நூலொன்று அச்சிடுவித்தபோது, போர்த்துக்கேயச் சொல்லையே தமிழெழுத்திற் பெயர்த்து அதற்குத் தலைப்பாக்கினார். பின்வந்தோர் வடமொழியை நாடினர். கீர்த்தனம் என்பதன் அடிப்பொருள் எடுத்துரைத்தல். புகழ்தல் அதன் வழிவந்தது. இலத்தீனில் இவ்வினைக்கு வழங்குஞ் சொல்லும் அத்தகையதே. அது குற்றத்தை ஏற்றுரைத்தலையும் இறைவனைப் புகழ்தலையும் ஒருங்கே குறிக்கும் என்பதை அகுஸ்தீனார் எடுத்துக்காட்டியுள்ளார். பாவத்தை உரைப்பவன் மன்னிப்பவனது கருணையையும் உரைத்தவனாகின்றான். மொழிபெயர்த்தோர் இதனை எண்ணினரோ, தற்செயலாய் வாய்த்ததோ, எவ்வாறாயினும் சொல் பொருளுக்கு மிகப் பொருந்திற்று.

இனி, நம்மவர் கூறும் தடை ஒன்றுண்டு. வாயாற் சொன்ன மாத்திரத்தே வினை தீருமாயின் வினைக்கொள்கை என்னாவது என்பர். இது அச்சமயத்தை அறியாதார் கூற்று. 1551இல் திரெந்துச் சங்கம் மனத்தாபம், உரைத்தல், பரிகாரம் என மூன்றையும் வேண்டிற்று. நித்திய தண்டனை நீங்கினும் அநித்திய தண்டனை எஞ்சக்கூடும் என்பதும் அதன் துணிபு. குருவின் தீக்கையாற் சஞ்சிதம் அழியினும் பிராரத்தம் நுகர்ந்தே கழியவேண்டும் என்னும் நம் சித்தாந்தத்தை இஃது ஓரளவு ஒக்கும். ஓரளவே என்க, தீக்கையில் மாணாக்கன் தன் குற்றங்களை ஒவ்வொன்றாய் எண்ணியுரைக்கும் நியதியில்லை. ஆணவமாகிய மூலமலத்தை நோக்கும் நெறிக்கும், செய்த செயலைப் பெயரிட்டு நோக்கும் நெறிக்கும் உள்ள வேற்றுமை இது.

குருவே இல்லாதவிடத்து என்செய்வது? யாழ்ப்பாணத்தில் இது வெறும் ஏட்டுவினாவன்று. 1658இல் ஒல்லாந்தர் இந்நாட்டைக் கைப்பற்றிக் கத்தோலிக்கக் குருமாரை விலக்கினர். 1687இல் யோசேப்பு வாஸ் அடிகளார் மாறுவேடத்தில் வந்து சில்லாலையில் மறைந்து தொண்டாற்றுமளவும் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் பாவமுரைக்கச் செவியில்லை. உத்தம மனஸ்தாபம் என்று அவர்கள் வழங்குவது, தண்டனைக்கு அஞ்சாது இறையன்பினாலேயே வருந்துதல். குருவிடம் உரைக்கும் விருப்பத்தோடு கூடியதாயின், உரைக்குமுன்னரே அது மன்னிப்பைப் பெற்றுத்தரும் என்பதும் அச்சங்கத்தின் முடிபே. அக்காலத்து மூதாட்டியர் சாவுப்படுக்கையிற் பற்றியிருத்தற்கு இஃதொன்றே எஞ்சியிருக்கும்.

1973இல் உரோமையிற் சடங்குமுறை திருத்தப்பெற்றபின் ஒப்புரவு என்னும் பெயர் மேலோங்கியுள்ளது. வள்ளுவர் ஓர் அதிகாரத்துக்கே தலைப்பாக்கிய தூய தமிழ்ச்சொல் அது. ஆயினும் அவர் கருதியது ஊருக்கு உதவும் பண்பை. இன்றைய வழக்கிற் பிரிந்தோர் மீளக் கூடுதலாகிய பயனை அது நன்கு காட்டுகின்றது. நாணத்தோடு நா அசைத்தலாகிய செயலைக் காட்டவில்லை. தனித்தமிழ்ப் பற்றுடையேமாயினும் இவ்விடத்துப் பழைய வடசொல்லே எமக்கு உவப்பாகின்றது.