சாலையைக் கடக்கும் அம்மா

படப்புத்தகங்களில் வரும் விலங்கு அம்மாக்களுக்குப் பெரும்பாலும் ஒரே வேலைதான். குட்டி தொலையும், அழும், அம்மா வந்து கட்டிக்கொள்வாள், விளக்கை அணைத்துவிட்டுத் தூங்கலாம். ராபர்ட் மெக்ளாஸ்கி எழுதி வரைந்து 1941இல் வெளிவந்த 'மேக் வே ஃபார் டக்லிங்ஸ்' புத்தகத்தை நான் அடிக்கடி எடுத்துப் பார்ப்பதற்குக் காரணம், அதில் வரும் அம்மா வாத்துக்குக் கொஞ்சுவதைவிட முக்கியமான வேலைகள் இருக்கின்றன.

கதை சின்னதுதான். பாஸ்டன் நகரத்தில் மல்லார்ட் தம்பதி கூடு கட்ட இடம் தேடி அலைகிறார்கள். அவர் காட்டும் இடத்தையெல்லாம் அவள் வேண்டாம் என்கிறாள். காட்டில் நரி இருக்கும், தண்ணீரில் ஆமை இருக்கும். களைத்துப்போய் ஓரிரவு பப்ளிக் கார்டன் பூங்காக் குளத்தில் தங்குகிறார்கள். காலையில் அன்னப் படகில் போகிறவர்கள் வேர்க்கடலை போடுகிறார்கள். அட, நல்ல இடமாச்சே என்று நினைக்கும்போதே ஒரு சைக்கிள் வேகமாக வந்து அவளை மோதப் பார்க்கிறது. அவ்வளவுதான், இங்கே பிள்ளை வளர்க்க முடியாது என்று கிளம்பிவிடுகிறாள். கடைசியில் சார்லஸ் ஆற்றிலுள்ள ஒரு தீவில் எட்டுக் குஞ்சுகள் பொரிகின்றன.

ஆனால் அவள் குஞ்சுகளோடு போய்க் குடியேறுவது எங்கே? வேண்டாமென்று விட்டுவந்த அதே பூங்காவில்! அங்கே சைக்கிளைத் தடைசெய்துவிட்டதாகக் கதையில் எங்கும் இல்லை. இடையில் நடந்தது ஒன்றுதான். நீந்தவும் முங்கவும், வரிசையாக நடக்கவும், கூப்பிட்டால் வரவும், சக்கரம் வைத்த எதிலிருந்தும் தள்ளி நிற்கவும் குஞ்சுகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். தன்னைப் பயமுறுத்தியதையே பாடமாக்கிவிட்டாள். பூங்கா அப்படியே இருக்கிறது, பிள்ளைகள் தயாராகிவிட்டார்கள்.

புத்தகம் இத்தோடு முடிந்திருந்தால் அது ஒரு நல்லொழுக்கக் கதை. மெக்ளாஸ்கி அவர்களைப் பெரிய சாலைக்குக் கொண்டுவந்து நிறுத்துகிறார். அவள் காலை எடுத்து வைக்கிறாள், கார்கள் ஹாரன் அடித்துக்கொண்டு பறக்கின்றன, தடுமாறிப் பின்னால் விழுகிறாள். வரிசையாக நடப்பதெல்லாம் சரி, வண்டி நிற்காவிட்டால் எந்தப் பாடம் உதவும்? ஓர் அம்மாவால் முடிவது எதுவரை, ஊர் செய்ய வேண்டியது எங்கிருந்து என்பதற்கான கோடு அந்தச் சாலையோரத்தில் விழுகிறது. குழந்தைக்கு ஏதாவது ஆகிவிட்டால் 'வளர்ப்பு சரியில்லை' என்று உடனே அம்மாவைப் பார்க்கும் நமக்கு இந்தக் கோடு அவ்வளவு சீக்கிரம் கண்ணில் படாது.

இதை நல்ல மனசுள்ள போலீஸ்காரர் கதையாகப் படிப்பதுதான் வழக்கம். மைக்கேல் நல்லவர்தான். தினமும் அந்த வாத்துகளுக்கு வேர்க்கடலை போட்டவர். ஆனால் அன்றைக்கு அவர் ஓடிவந்தது, அம்மாவும் எட்டுப் பிள்ளைகளும் தொண்டை கிழியக் கத்தியதால். கெஞ்சவில்லை, கூச்சல் போட்டார்கள். வந்தவர் வண்டிகளை நிறுத்தியதோடு விடவில்லை. தலைமையகத்துக்குப் போன் போட்டு உதவி கேட்கிறார். அடுத்த சாலையில் வேறு காவலர்கள் வந்து வண்டிகளை நிறுத்துகிறார்கள். ஒரு மனிதரின் நல்ல மனசு ஓர் ஏற்பாடாக மாறுகிறது. எனக்கு இந்த இடம் மிகவும் பிடிக்கும். அவளோ தலையை நிமிர்த்திக்கொண்டு, இதெல்லாம் எனக்குச் சேர வேண்டியதுதானே என்பதுபோல நடக்கிறாள்.

படங்களும் இதையே சொல்கின்றன. எல்லாம் பழுப்பு நிறம் ஒன்றில் வரைந்தவை. தொடக்கத்தில் தம்பதி பறக்கும்போது பாஸ்டனை மேலிருந்து பார்க்கிறோம். கூரைகளும் தெருக்களும் பொம்மை மாதிரி. பிறகு அவர்களுக்குச் சிறகு உதிர்கிறது. பறக்க முடியாது. அதிலிருந்து நகரம் தரைக்கு வந்துவிடுகிறது, சக்கரங்கள் பெரிதாகிவிடுகின்றன. மெக்ளாஸ்கி தன் நியூயார்க் வீட்டிலேயே வாத்துகளை வளர்த்து, அவற்றின் பின்னால் தரையில் தவழ்ந்தபடி வரைந்தவர். வாத்தின் உயரத்திலிருந்து உலகம் எப்படித் தெரியும் என்பது அவருக்கு முட்டி தேயத் தெரிந்திருந்தது. 1942இல் கால்டெகாட் பதக்கம் அவருக்குக் கிடைத்ததில் ஆச்சரியமில்லை.

ஒரு குறை உண்டு. குஞ்சுகள் பொரித்ததும் அப்பா ஆற்றைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பிவிடுகிறார். ஒரு வாரத்தில் பூங்காவில் சந்திப்பதாக ஏற்பாடு. போயிட்டு வாங்க, பிள்ளை வளர்க்க எனக்குத் தெரியும் என்கிற தோரணையில் அவள் அனுப்பிவைக்கிறாள். நிஜத்தில் ஆண் மல்லார்ட் பெரும்பாலும் அடைகாக்கும் காலத்திலேயே பிரிந்துபோய்விடும், குஞ்சுகளைத் தாய் தனியாகத்தான் வளர்க்கும். மெக்ளாஸ்கி அவரைத் திரும்ப வரவழைத்து, சொன்னபடி பூங்காவில் காத்திருக்கவைத்து, குடும்பப் படத்தை முழுமையாக்குகிறார். அந்த ஒரு வாரம் யாருடைய உழைப்பு என்று மட்டும் கதை கேட்பதில்லை. வந்து சேர்ந்தவரும் கேட்பதில்லை.

1987இல் பாஸ்டன் அதே பூங்காவில் இந்தப் புத்தகத்துக்கு வெண்கலச் சிலை வைத்தது. செய்தவர் நான்சி ஷோன். அதில் அப்பா இல்லை, மைக்கேலும் இல்லை. முன்னால் அம்மா, பின்னால் வரிசையாக எட்டுக் குஞ்சுகள். எல்லோரும் நடந்துகொண்டிருக்கிறார்கள்.