பெருமிதம் யாருக்கு உரியது?

விழுப்புரத்து மேடையாயினும் திண்டிவனத்து மேடையாயினும், தலைவரை வரவேற்போர் ‘ராஜகம்பீரம்’ என்றே முழங்குகின்றனர். கம்பீரம் வடசொல், ஆழம் என்பது அதன் முதற்பொருள். ‘இராசகம்பீரன்’ என்பது இரண்டாம் இராசராச சோழனின் பட்டப்பெயர்களுள் ஒன்று. தமிழில் இதற்கொரு சொல் இல்லையா? உண்டு, பெருமிதம்! அது தோன்றும் இடங்களாகத் தொல்காப்பியர் எண்ணுபவை நான்கு: கல்வி, தறுகண், புகழ், கொடை. அங்கே முடியுமில்லை, குடையுமில்லை, குலமுமில்லை!

இன்று திண்டிவனத்தின் பகுதியாய் விளங்கும் கிடங்கிலுக்குரிய நல்லியக்கோடன், பசித்து வந்த பாணனுக்குத் தானே நின்று உணவூட்டுவான் என்கிறது, 269 அடிகள் கொண்ட சிறுபாணாற்றுப்படை. ஊட்டிய அந்தக் கைக்கே பெருமிதம் உரியது. ஆளுயர மாலைக்குக் குனியும் கழுத்துக்கு அச்சொல்லை நாம் வழங்கலாமா? சொல்லை மாற்றினால் மட்டும் போதாது. அதைச் சூட்டும் ஆளையும் மாற்றுவோம்!