ஏவல் ஒருமை

கணினி அறிவியல் படிக்கும் பெண்களுக்கும் முதல் இரண்டு ஆண்டு பகுதி ஒன்று தமிழ் உண்டு. தருமபுரியில் நான் எடுக்கும் அந்த வகுப்புக்குப் பென்னாகரம், அரூர், ஏரியூர்ப் பக்கமிருந்து வருகிறவர்களில் பெரும்பாலோர் தமிழ்வழியில் படித்தவர்கள். ஆய்வகத்தில் வாய் திறக்காதவர்கள் என் வகுப்பில் பேசித் தீர்த்துவிடுவார்கள். 'செய்தால்' என்னும் வினையெச்சத்தை நடத்திக்கொண்டிருந்த ஒருநாள் ஒருத்தி எழுந்தாள். "இதையே கம்ப்யூட்டருக்குச் சொல்லலாம்மா. எழில்னு ஒரு மொழி இருக்கு."

கவிதை எழுதுகிறவளுக்கு நிரல்மொழியில் என்ன வேலை என்று நினைத்தபடிதான் அதைத் தேடிப் படித்தேன். ஒரு பிரதியை வாசிப்பதுபோல வாசித்தேன். எனக்குத் தெரிந்த வாசிப்பு அதுதான்.

எழிலை உருவாக்கியவர் முத்து அண்ணாமலை. அமெரிக்காவில் வாழும் பொறியாளர். தமிழ்ப் பிள்ளைகள் ஆங்கிலத்தின் தயவில்லாமல் நிரல் எழுதக் கற்க வேண்டும் என்று, பிழைப்புக்கான வேலை போக மிஞ்சிய பொழுதில் கட்டிய மொழி இது. 2009 ஜூலையில் அதைப் பற்றிய கட்டுரையை வெளியிட்டார். மூலநிரலை யாரும் எடுத்துப் பார்க்கலாம், திருத்தலாம். மிஞ்சிய பொழுது என்ற இடத்தில் கொஞ்சம் நின்றேன். என் மாணவிகளுக்குக் கல்லூரி போக மிஞ்சுவது தண்ணீர்க் குடமும் மாட்டுத் தீவனமும்தான். பொழுதுபோக்காக ஒரு மொழியையே கட்டும் பொழுது யாருக்கு வாய்க்கிறது என்ற கேள்வி அவர்மேல் குற்றமாகாது. ஆனாலும் கேட்டுவைக்க வேண்டிய கேள்வி.

எழிலில் நிபந்தனை முதலில் வருகிறது. அதற்குப் பிறகுதான் 'ஆனால்'. ஆங்கில 'இஃப்' வாக்கியத்தின் தலையில் நிற்கும். இங்கே 'ஆனால்' தமிழுக்குரிய கடைசி இடத்தில் போய் உட்கார்ந்திருக்கிறது. பேச்சில் நாம் அதை எதிர்மறுப்புச் சொல்லாக்கித் தேய்த்துவிட்டோம். "நல்ல பெண்தான், ஆனால்..." என்று தொடங்கும் வாக்கியங்களைக் கேட்டு வளராத பெண் யார்? 'மழை வருமானால்' என்பதில் இருக்கும் பழைய பொருள் ஒரு நிரல்மொழியில் மீண்டிருப்பதைப் பார்த்து, இலக்கணம் படித்தவளாக மகிழ்ந்தேன். ஆனால் (பழைய பொருளில் அல்ல) 'பதிப்பி' மட்டும் ஆங்கிலத்தின் வரிசையிலேயே முன்னால் வந்து நிற்கிறது. "வணக்கம்" என்பதைப் பதிப்பி என்றுதானே நாம் சொல்வோம்? பாதி வழியில் நின்றுவிட்ட துணிச்சல் இது. 'நிரல்பாகம்' என்ற சொல்லும் எனக்கு ருசிக்கவில்லை.

அதைவிட என்னை உறுத்தியது வேறு. பதிப்பி, முடி, நிறுத்து, தொடர், பின்கொடு: எல்லாம் ஏவல் ஒருமை. ஆங்கில 'பிரிண்ட்' மரியாதையும் காட்டாது, அவமரியாதையும் காட்டாது. தமிழில் அந்த நடுநிலை கிடையாது. 'பதிப்பி'யா 'பதிப்பியுங்கள்'ளா என்று முடிவெடுத்தே ஆக வேண்டும். நம் ஏவலில் ஆண்பால் பெண்பால் வேறுபாடு இல்லை என்று வகுப்பில் பெருமையாகச் சொல்வேன். ஆனால் கொடு, நிறுத்து, முடி என்ற சொற்கள் வீட்டுக்குள் யாரை நோக்கி அதிகம் வருகின்றன என்பதற்கு நூற்பா தேவையில்லை. பெண்மொழி பற்றி இருபது ஆண்டுகளாக விவாதிக்கும் நாங்கள் யாரும் இந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததே இல்லை.

கணினிக்குச் சொற்களால் ஆணையிடலாம் என்று வழிகாட்டியவர்களில் முதன்மையானவர் ஒரு பெண். 1950களில் கணிதக் குறிகளுக்குப் பதிலாக ஆங்கிலச் சொற்களைக் கொண்டு கணினியை இயக்கிக் காட்டினார் கிரேஸ் ஹாப்பர். அவருடைய குழு பிரெஞ்சு, ஜெர்மன் சொற்களையும் கொடுத்து அதே வேலையைச் செய்ய வைத்தது. மேலாளர்கள் மிரண்டுபோனார்கள். பிலடெல்பியாவில் செய்த அமெரிக்கக் கணினிக்கு அந்நிய மொழி எப்படிப் புரியலாம்? ஆங்கிலத்தோடு நிறுத்திக்கொள்வதாக உறுதி சொல்ல நேர்ந்த கதையை 1978இல் ஒரு மாநாட்டில் ஹாப்பரே சொன்னார். இயந்திரத்துக்கு எல்லாச் சொல்லும் ஒன்றுதான். தடை மேலாளர் அறையில் இருந்தது.

இருந்தாலும் எழிலைக் கொண்டாடிவிட்டு நகர முடியவில்லை. சி மொழியின் முதல் தரநிலையில் இருந்த கட்டளைச் சொற்கள் மொத்தம் 32. திருக்குறளில் நான்கு அதிகாரத்தை மனப்பாடம் செய்த பெண்ணுக்கு 32 சொல் ஒரு பொருட்டா? அவளை ஊமையாக்குவது பாடநூலின் ஆங்கிலம், பிழைச்செய்தியின் ஆங்கிலம், விரிவுரையின் ஆங்கிலம், ஆங்கிலம் தெரிந்தவனே அறிவாளி என்ற பார்வை. 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவில் தமிழ்நாட்டின் கடைசி மாவட்டம் எங்களுடையது. கணினியே இல்லாத வீட்டில், இருக்கும் ஒரே கைப்பேசியும் தம்பி கையில் இருக்கும். சொற்பட்டியலைத் தமிழாக்குவது இதையெல்லாம் மாற்றாது.

ஆனாலும் அந்தப் பெண் கேட்டாள் என்பதற்காக ஒரு மாலை ஆய்வகத்தில் உட்கார்ந்தோம். அவளே தட்டினாள்:

@(வயது < 18) ஆனால்
பதிப்பி "படிக்கிறாள்"

ஓடவில்லை. "முடி போடலம்மா" என்று நாக்கைக் கடித்தாள். பக்கத்திலிருந்தவள் அவள் பின்னலைப் பிடித்து இழுத்தாள். முடி போட்டதும் ஓடியது.

"ஏன்டீ, கொஞ்சம் மரியாதையாகப் பதிப்பியுங்கள் என்று சொல்லக் கூடாதா?" என்றேன்.

"எனக்கு அடங்குறது இது ஒண்ணுதாம்மா. இதுக்கும் வாங்க போங்கவா?"

பதினெட்டு முடிந்திருந்தால் என்ன பதிப்பிப்பது என்று அடுத்த கேள்வி வந்தது. 'இல்லை' என்று ஒரு வரி சேர்த்தாள். "கல்யாணம்னு போடு" என்றாள் பின்னலை இழுத்தவள். இவள் அதைத் தட்டவில்லை. அழிக்கவும் எதுவும் இல்லை. மேற்கோள் குறிகளைப் போட்டுவிட்டு நடுவே ஒன்றும் எழுதாமல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏரியூர்ப் பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று வெளியிலிருந்து யாரோ கூப்பிட்டார்கள்.