நீல வெளிச்சத்துக்கு 15 வாட் போதும்

"என்னடே, ஆம்னி பஸ்ஸுக்குள்ள இருக்கது மாதிரில்லா கெடக்கு!"

விளக்கைப் போட்ட முதல் ராத்திரி சித்தப்பா நடையிலேயே நின்று சொன்னது இது. ஹால் முழுக்க நீலம். நான் வாங்கியிருந்தது, கடல் தொட்டி வைத்திருப்பவர்கள் 'பிளாக் பாக்ஸ்' என்று சொல்லும் சீன எல்இடி. பல பெயர்களில் விற்கிறார்கள், உள்ளே சரக்கு ஒன்றுதான். தலா 3 வாட்டில் 55 எல்இடி, ஆகவே அட்டையில் 165 வாட். அவற்றை முழு வேகத்தில் ஓட்டுவதில்லை என்பதால் வாட் மீட்டர் 110ஐ ஒட்டித்தான் நிற்கிறது. நீலத்துக்கு ஒரு திருகு, வெள்ளைக்கு ஒரு திருகு, முதுகில் இரண்டு ஃபேன்.

என் தொட்டி 60 செ.மீ. நீளம், அகலமும் உயரமும் 40. நூறு லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. இதற்குப் போய் அந்த விளக்கு. இரண்டு திருகையும் கடைசிவரை திருகி வைத்தது முழுக்க என் தப்பு. உள்ளங்கை அகலத்துக்கு விரிந்து கிடந்த காளான் பவளம் மூன்றாம் நாள் ஓரம் சுருண்டு, சட்டைப் பித்தான் மாதிரி ஆகிவிட்டது. இரண்டாவது வாரம் அதன் சிவப்பு வெளிறி, சதை வழியாக உள்ளே இருப்பது தெரிய ஆரம்பித்தது.

பவளத்தின் சதைக்குள் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. வெளிச்சத்தை வைத்து அவை சமைக்கிற சர்க்கரைதான் பவளத்தின் சாப்பாட்டில் பெரும்பங்கு. வெளிச்சமோ சூடோ எல்லை மீறினால் அந்தப் பாசியைப் பவளம் வெளியே தள்ளிவிடும். நிறமும் கூடவே போய்விடும். 2010லும் 2016லும் கோடையில் கடல் சூடேறி மன்னார் வளைகுடாவில் பவளங்கள் வெளுத்ததும் இப்படித்தான். அங்கே வெயில் செய்ததை இங்கே நான் கையால் திருகிச் செய்தேன்.

இந்தியாவில் பவளத் தொட்டி வைப்பவர் வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்து விளக்கு வாங்கக் கூடாது. அங்கே கிளை கிளையாக வளரும் கல் பவளங்களுக்காக விளக்கைத் தேர்கிறார்கள். ஒளியை அளக்கும் பார் கணக்கில் அவற்றுக்கு 200 முதல் 350 வரை வேண்டும். நம் ஊரில் கல் பவளங்கள் அத்தனையும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. கடல் விசிறியும் அதே அட்டவணைதான். கடற்கரையில் ஒதுங்கிக் கிடக்கும் பவளக் கல்லைக்கூடத் தொட்டிக்கு எடுத்து வரக் கூடாது. மிச்சம் இருப்பவை காளான், தோல் பவளம், சோவாந்திட் மாதிரியான மென்பவளங்கள். கடையில் பில்லும் இறக்குமதித் தாளும் கேட்டு வாங்குங்கள். சோவாந்திடைக் கையுறை இல்லாமல் தொடாதீர்கள், சில வகைகளில் கொடிய விஷம் உண்டு. இவற்றுக்கு 50 முதல் 150 பார் தாராளம். அப்புறம் எதற்கு 165 வாட்?

பார் மீட்டர் என் விளக்கைவிட விலை அதிகம். அதனால் செல்போனில் லக்ஸ் செயலியைப் போட்டு, ஜிப் பையில் கட்டித் தண்ணீருக்குள் இறக்கினேன். வெள்ளையை லேசாகத் திருகினாலே எண் எகிறுகிறது. நீலத்தை முழுக்க வைத்தாலும் சோம்பலாக நிற்கிறது. லக்ஸ் என்பது மனிதக் கண்ணுக்கான அளவு, பச்சைதான் அதற்கு உச்சம். பாசிக்கு வேண்டியதோ நீலம். அந்தச் செயலியை நம்பி நீலத்தைக் கூட்டினால் பவளம் கருகும். அன்றிலிருந்து எனக்கு மீட்டர் பவளங்கள்தான். சோவாந்திட் கழுத்தை நீட்டி மேலே எக்கினால் வெளிச்சம் போதவில்லை, காளான் சுருங்கினால் கூடிப்போச்சு.

இரண்டாவதாக வாங்கியது கெசில் ஏ80. காபி டம்ளர் அளவுதான், வளையும் கழுத்தில் தொங்குகிறது. 15 வாட். வெளிச்சத்துக்கு ஒன்று, நிறத்துக்கு ஒன்று என இரண்டே திருகு. செயலி இல்லை, வைஃபை இல்லை. அடிக்கடி கரண்ட் போகிற வீட்டில் இதை நான் குறையாக நினைக்கவில்லை. எல்இடிகள் ஒரே இடத்தில் நெருங்கி இருப்பதால் ஒளி ஒரு புள்ளியிலிருந்து வருகிறது. அலை அசையும்போது மணலில் வெளிச்சக் கோடுகள் ஓடுகின்றன. பிளாக் பாக்ஸிலும் அலை தெரியும், ஆனால் 55 நிழல்கள் ஒன்றோடொன்று மோதும். இதன் வட்டம் ஒன்றரை அடிக்குள் அடங்கிவிடும், என் தொட்டியின் இரு ஓரமும் மங்கல். அங்கே காளானை வைத்தேன். நடுவில், பாறை உச்சியில் தோல் பவளம். முதல் வாரம் கால்பங்கு வெளிச்சம், ஒரு மாதத்தில் மெல்ல முக்கால். காளான் திரும்ப விரிந்தது.

கரண்ட் கணக்கும் பாருங்கள். ஒரு நாளைக்கு 9 மணி நேரம் என்றால், இரண்டு திருகையும் கடைசிவரை திருகிய பிளாக் பாக்ஸ் இரண்டு மாதத்தில் 60 யூனிட் இழுக்கும், ஏ80 இழுப்பது 8. இலவச 100 யூனிட்டில் பாதிக்கு மேல் ஒரு காளானுக்கா என்று வீட்டில் கேட்டால் என்னிடம் பதில் கிடையாது. இழுத்த கரண்ட் முழுக்கக் கடைசியில் சூடாகத்தான் மாறும். தொட்டிக்கு 26 டிகிரி வேண்டும், சித்திரையில் எங்கள் ஹாலே 32ஐத் தொடும். வைகாசி முதல் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று வந்துவிட்டால் தண்ணீர் தானே ஆறும். காற்று இல்லாத நாளில் தண்ணீர்ப் பரப்பின் மேல் சின்ன ஃபேன் ஓட்ட வேண்டும். தினமும் இரண்டு லிட்டர் ஆவியாகும். உப்பு ஆவியாகாது என்பதால் அந்த இடத்தை ஆர்.ஓ. தண்ணீரால் மட்டும் நிரப்ப வேண்டும். விளக்குக் கரண்டில் மிச்சம் பிடித்த பணம் இதற்குத்தான்.

ஏ80க்குள் டைமர் கிடையாது, தனியாக வாங்கினேன். முள் சுற்றும் மலிவு டைமர். ஒவ்வொரு மின்தடைக்கும் அது அவ்வளவு நேரம் பின்தங்கும். ஐப்பசி மழையில் பழையாறு கரை தொட்டு ஓடிய வாரம், என் தொட்டியில் சூரியன் மத்தியானம் ஒரு மணிக்கு உதித்து ராத்திரி பத்துக்கு அடைந்தது. பேட்டரி உள்ள டிஜிட்டல் டைமராகப் பார்த்து வாங்குங்கள். லென்ஸில் படியும் உப்பை வாரம் ஒருமுறை ஈரத்துணியால் துடையுங்கள், பத்து நாள் விட்டால் வெள்ளைப் பூச்சாகிவிடும்.

இரண்டடிக்கு மேல் நீளமான தொட்டி என்றால் பிளாக் பாக்ஸை மொத்தமாக ஒதுக்க மாட்டேன். நன்றாக உயர்த்திக் கட்டி, நீலத்தைப் பாதியில், வெள்ளையை மிகக் குறைவாக வைத்தால் ஓடும். என்னுடையது பரணில் கிடக்கிறது. அதன் இரண்டு ஃபேனையும் கழற்றி, பழைய 12 வோல்ட் அடாப்டரில் கொடுத்துத் தொட்டி விளிம்பில் கட்டியிருக்கிறேன். நன்றாகவே ஓடுகின்றன.