காச்சோ எ பேப்பே: எந்தக் கலப்பு குற்றம்?

பாஸ்தா, ஆட்டுப்பால் சீஸ், மிளகு, பாஸ்தா வெந்த தண்ணீர். ரோம் நகரத்து காச்சோ எ பேப்பேயில் வேறு எதுவும் கிடையாது. டெஸ்டாச்சோ பகுதியில் ஏதோ ஒரு சின்ன டிராட்டோரியா உணவகத்தில் இதைச் சாப்பிட்டு மயங்கியவர்கள் ஊர் திரும்பியதும் முதல் வேலையாக வீட்டில் செய்து பார்க்கிறார்கள். பெரும்பாலும் கிடைப்பது, வாணலியின் அடியில் ரப்பராக ஒட்டிய சீஸ் கட்டியும் வெளுத்த தண்ணீரில் நழுவும் ஸ்பகெட்டியும்தான். இதைத் தவிர்க்கப் பல குறுக்குவழிகள் புழக்கத்தில் உள்ளன. அவற்றில் எதை ஒப்பலாம், எதைத் தள்ளலாம் என்று பார்ப்போம்.

ரோமானியர்களிடம் கேட்டால் எல்லாவற்றையும் தள்ளு என்பார்கள். 2025 ஆகஸ்டில் பிரிட்டனின் குட் ஃபுட் தளத்தில் வெண்ணெயும் பார்மசானும் சேர்த்த செய்முறை ஒன்று வந்திருப்பதைப் பார்த்து, இத்தாலிய உணவக உரிமையாளர் சங்கம் ஒன்று திருத்தம் கேட்டு நின்றது. அவர்கள் எதிர்த்தது சரி, சொன்ன காரணம்தான் பலவீனம். பட்டியலில் இல்லாத பொருள் என்பதற்காகவே ஒன்றைத் தள்ளுவதென்றால் அந்தப் பட்டியலுக்கு அசைக்க முடியாத பூர்வீகம் இருக்க வேண்டும். ஆடு மேய்ப்பவர்கள் மலைக்கு மூட்டை கட்டிப் போன உணவு என்ற கதையை மெனு அட்டைகள் சலிக்காமல் சொல்கின்றன. ஆனால் வெந்த மக்கரோனிமேல் சீஸைத் துருவிப் போட்டுச் சாப்பிடும் வழக்கத்தை ஜெர்மன் எழுத்தாளர் கோதே 1787இல் நேப்பிள்ஸில் பார்த்து எழுதியிருக்கிறார். இதில் சேரும் பெக்கோரினோ ரோமானோ சீஸே இன்று பெருமளவு சார்டீனியாத் தீவில்தான் தயாராகிறது. ரோம் நகருக்குள் கடைகளில் சீஸுக்கு உப்பிடுவதை 1884இல் தடை செய்தபோது தொழில் அந்தத் தீவுக்கு நகர்ந்தது. ஆகவே பூர்வீகத்தை விட்டுவிட்டு, நாக்குக்கு என்ன வந்து சேர்கிறது என்பதை வைத்து எடைபோடுவதே நேர்மை.

சீஸ் ஏன் திரிகிறது? சூடு ஏறினால் அதன் புரதங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. 65 டிகிரி செல்சியஸை ஒட்டி இது மோசமாகிறது. வீடு திரும்பியவர்கள் கொதிக்கும் வாணலியிலேயே சீஸைக் கொட்டுகிறார்கள், அங்கேயே காரியம் கெடுகிறது. மோர்க்குழம்பு வைத்தவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அரிசியோ பருப்போ ஊறவைத்து அரைத்துவிடாமல் மோரைச் சூடேற்றினால் திரியும், அரைத்துவிட்டும் நுரை கட்டியதும் இறக்கத்தான் வேண்டும். மாவுச்சத்து புரதங்களைச் சூழ்ந்து விலக்கி வைக்கிறது. காச்சோ எ பேப்பேயில் அந்த வேலையைச் செய்வது பாஸ்தா வெந்த தண்ணீர்.

இதை அளந்தே பார்த்துவிட்டார்கள். இத்தாலிய இயற்பியலாளர்கள் சிலர் 2025இல் ‘ஃபிசிக்ஸ் ஆஃப் ஃப்ளூயிட்ஸ்’ இதழில் எழுதிய கட்டுரைக்கு அதே ஆண்டு இக் நோபெல் பரிசு கிடைத்தது. பரிசு வேடிக்கையானது, கட்டுரை அப்படியல்ல. சீஸின் எடையில் ஒரு சதவீதத்துக்குக் குறைவாக மாவுச்சத்து இருந்தால் கட்டி விழும், இரண்டு மூன்று சதவீதம் இருந்தால் குழம்பு நிற்கும் என்கிறார்கள். 160 கிராம் சீஸுக்கு 4 கிராம் சோள மாவு. அதை 40 கிராம் தண்ணீரில் கரைத்துக் காய்ச்சி, கூழான பிறகு இன்னும் கொஞ்சம் தண்ணீர் விட்டு ஆற்றி, துருவிய சீஸோடு மிக்ஸியில் அடித்தால் வழுவழுப்பான விழுது வரும். தண்ணீர் வடித்த பாஸ்தாவின் சூடு சற்றுத் தணிந்ததும் இதைப் போட்டுப் புரட்ட வேண்டும்.

சோள மாவு மரபில் இல்லையே என்பார்கள். உணவகத்தின் பெரிய பாத்திரத்தை நினைத்துப் பாருங்கள். மத்தியானம் முழுக்க அதே தண்ணீரில் பாஸ்தா மேல் பாஸ்தாவாக வேகிறது, நேரம் ஆக ஆகத் தண்ணீர் கலங்கி அடர்த்தியாகிறது. வீட்டில் இரண்டு பேருக்கு ஒரு தடவை வேகவைத்த தண்ணீர் அதன் அருகில் நிற்காது. அங்கே தானாகச் சேர்ந்த மாவுச்சத்தைத்தான் இங்கே ஸ்பூனால் சேர்க்கிறோம். அதற்குச் சுவையும் இல்லை. பாதித் தண்ணீரில் பாஸ்தாவை வேகவைப்பதும் நல்ல வழிதான், ஆனால் தண்ணீர் எவ்வளவு அடர்ந்திருக்கிறது என்று கண்ணால் கணிக்கப் பழக வேண்டும்.

வெண்ணெயும் கிரீமும் வேறு ரகம். குழம்பு வழுக்கிக்கொண்டு வரும், பார்க்கவும் பளபளக்கும். பெக்கோரினோவின் உப்பும் லேசான ஆட்டு வாடையும் மிளகின் காரமும் மோதிக்கொள்ளும் அந்தக் கூர்மை மட்டும் மழுங்கிவிடும். ஆக, தள்ள வேண்டியது வெண்ணெயை, ஒப்ப வேண்டியது சோள மாவை. சங்கத்தாரின் பட்டியல்படி இரண்டுமே குற்றம்தான்.

சீஸில் விட்டுக்கொடுக்க இடமில்லை. பசும்பால் பார்மசானில் இனிப்புச் சாயல் கூடுதல், முழுவதும் அதிலேயே செய்தால் இது வேறு பண்டமாகிவிடும். பதப்படுத்திய சீஸ் கட்டியைப் பற்றிப் பேசவே வேண்டாம். சைவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்வது நல்லது: பெக்கோரினோ ரோமானோவில் பாலை உறைய வைப்பது ஆட்டுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட். பார்மசானில் கன்றினுடையது. இறைச்சி இல்லை என்பதற்காக இதைச் சைவம் என்று மெனுவில் போடுவது ஏமாற்று வேலை. தாவர ரென்னெட்டில் செய்த கெட்டி சீஸ் போட்டால் நல்ல மிளகு பாஸ்தா கிடைக்கும், ரோமில் சாப்பிட்டது கிடைக்காது.

ரோமைத் தோற்கடிக்க நமக்கு வாய்ப்புள்ள இடம் மிளகு. மலபார் மிளகை வைக்கத் தனிக் கிடங்கே கட்டிய நகரம் அது, பேரரசர் டொமிஷியன் காலத்தில். இன்றைக்கு வயநாட்டிலோ ஏற்காட்டிலோ இந்த ஆண்டு பறித்த மிளகு நம் கைக்கு எளிதில் எட்டும். வெறும் வாணலியில் வாசம் வரும்வரை வறுத்து, உரலில் ஒன்றிரண்டாக இடித்துப் போட்டால் போதும், தூளாக்க வேண்டாம். கை தாராளமானால் மிளகு சாதமாகிவிடும்.

பாஸ்தா எந்த வடிவம் என்பதில் எனக்குப் பெரிய பிடிவாதம் இல்லை. ரோமில் முட்டை சேர்த்த டொன்னரெல்லி விசேஷம், ஆனால் நல்ல உலர் ஸ்பகெட்டி குறை வைக்காது. ஆள் எண்ணிக்கையில்தான் பிடிவாதம் வேண்டும். ஆறினால் குழம்பு இறுகும், மறுபடி சூடாக்கினால் திரியக்கூடும். மூன்று தட்டுக்கு மேல் தேவைப்படுகிற நாளில் தக்காளிச் சாஸ் செய்துவிடுங்கள்.