‘சமைத்துப் பார்’: எங்கள் குசினியிலிருந்து

மீனாட்சி அம்மாள் 1951இல் சென்னையில் வெளியிட்ட ‘சமைத்துப் பார்’ எங்கள் குசினிகளுக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. தாய் பக்கத்தில் இல்லாதவர்க்கும் விளங்கும்படி, புளி கரைப்பதிலிருந்து சொல்லித்தரும் அதன் நிதானம் எங்களுக்குப் பிடிக்கும். ஆனால் அது தமிழகத்துப் பிராமண வீடொன்றின் மரக்கறிச் சமையல். நண்டும் மீனும் போட்ட ஒடியற்கூழுக்கு அங்கே இடமில்லை. குறையென்று சொல்லமாட்டோம், அவர் தன் வீட்டை எழுதினார். எங்கள் வீடு எங்கே?

சொதிக்குத் தேசிக்காய் எப்போது விடுவதென்று ஊருக்குத் தொலைபேசியில் கேட்டால், “இறக்கினாப்பிறகு விடு, இல்லாட்டித் திரைஞ்சுபோம்” என்கிறா அம்மா. அளவு கேட்டால், “கண்மட்டம்தான்.” அடுப்பின் சூடும் தேங்காய்ப்பாலின் குணமும் அந்த ஒரு வரிக்குள் இருக்கின்றன. கவிதைக்குப் பக்கம் பக்கமாக ஒதுக்கும் எங்கள் சஞ்சிகைகளில் அந்த வரிக்கு இடம் கிடைப்பது அரிது. அம்மாமாருக்கோ எண்பது தாண்டிவிட்டது.