மலை ஏறாத அலை

சென்னைத் தொலைக்காட்சியின் கதையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் 1975 ஆகஸ்ட் 15இல் தொடங்குகிறார்கள். அடுத்து ‘ஒளியும் ஒலியும்’ வரும். வெள்ளிக்கிழமை மாலை தெருவே ஒரு வீட்டில் கூடியது வரும். ‘வயலும் வாழ்வும்’, ‘எதிரொலி’ வரும். செய்தி வாசித்த பெண்களின் உச்சரிப்பும் புடவையும் வரும். பிறகு 1993 ஏப்ரல் 14இல் சன் டிவி வந்தது, அத்தோடு நல்ல காலம் முடிந்தது என்ற பெருமூச்சு. இந்த வரலாற்றை நான் பலமுறை வாசித்திருக்கிறேன். இது பெட்டி இருந்த வீட்டுக்காரரின் வரலாறு. யார் நாற்காலியில் உட்கார்ந்தார்கள், யார் தரையில் உட்கார்ந்தார்கள், எந்தச் சாதிப் பிள்ளைகள் ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்தார்கள், அடுப்படி வேலை முடியாத பெண்கள் எந்தப் பாட்டைக் காதால் மட்டும் கேட்டார்கள் என்பதெல்லாம் அதில் இல்லை.

இந்தக் கட்டுரையை நான் கரியாலூரிலிருந்து எழுத விரும்புகிறேன். கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகக் கோமுகி அணையைத் தாண்டி மலை ஏறினால் வெள்ளிமலையும் கரியாலூரும் வரும். சென்னையில் ஒளிபரப்பு தொடங்கிய 1975இல் கல்வராயன் மலை இன்னும் ஜாகிர்தார்கள் பிடியில் இருந்தது. 1976இல்தான் அது முழுமையாக அரசு நிர்வாகத்தின்கீழ் வந்தது. சுதந்திர தினத்தன்று தொலைக்காட்சி பிறந்தது என்று பெருமைப்படுகிறபோது, அந்த நாளில் நிலத்தின்மீது உரிமையில்லாமல் இருந்த மலையாளிப் பழங்குடிப் பெண்களை அந்தச் ‘சுதந்திர’த்துக்குள் எங்கே வைப்பது?

தரைவழி அலை நேர்கோட்டில் போவது. மலை குறுக்கே நின்றால் அதன் பின்னால் நிழல்தான். இது இயற்பியல். ஆனால் எந்தக் குன்றின்மேல் கோபுரம் வைப்பது, எந்தப் பள்ளத்தை நிழலிலேயே விடுவது என்பது இயற்பியல் அல்ல. இன்சாட் 1பி 1983இல் விண்ணுக்குப் போன பிறகு நாடெங்கும் ஒளிபரப்பிகள் வேகமாக எழுந்தன. அவை எத்தனை பேரை எட்டின என்பதை மக்கள்தொகைக் கணக்கில் சொன்னார்கள். சிதறிக் கிடக்கும் மலைக் கிராமங்கள் அந்தக் கணக்கில் எப்போதும் கடைசி.

எட்டிய இடத்திலும் யாரிடம் பேசினார்கள்? ‘வயலும் வாழ்வும்’ என் நினைவில் நிற்பது இப்படித்தான்: வல்லுநர் ஓர் ஆண், கேள்வி கேட்பவர் ஓர் ஆண், ‘விவசாயி’ என்ற சொல்லுக்கு முகமாக வருகிறவரும் ஆண். நாற்று நடும் பெண்கள் பின்னணிக் காட்சி. கல்வராயனில் சாமையும் தினையும் களையெடுப்பது, அறுப்பது, விதையைப் பொறுக்கிப் பத்திரப்படுத்துவது, புளியும் கடுக்காயும் சேகரிப்பது எல்லாம் பெண்களின் கைவேலை. அந்த அறிவு, நிகழ்ச்சிக்குத் தேவைப்படுகிற ‘தகவல்’ என்று கருதப்படவில்லை.

செய்தி வாசித்த பெண்களை நான் குறைத்துப் பேசவில்லை. ஒரு பெண் நிமிர்ந்து உட்கார்ந்து நாட்டு நடப்பைச் சொல்வதை வீட்டு ஆண்கள் வாய்மூடிக் கேட்டது சின்ன விஷயமல்ல. ஆனால் அவர் வாசித்த தாளை எழுதியது யார், எது செய்தி என்று முடிவு செய்தது யார் என்ற கேள்வியை அந்தப் புடவை பற்றிய புகழ்ச்சி மறைத்துவிடுகிறது. பி. சி. ஜோஷி தலைமையிலான குழு 1980களின் நடுவிலேயே, பெண்களின் நிலையை உயர்த்துவது தூர்தர்ஷனின் முக்கிய நோக்கமாக இருக்க வேண்டும் என்று சொன்னது. நாற்பது ஆண்டுகள் ஆகியும் அதை நாம் பரிந்துரையாகவே மேற்கோள் காட்டிக்கொண்டிருக்கிறோம்.

தூர்தர்ஷனுக்கும் சன்னுக்கும் இடையே இன்னொரு தொலைக்காட்சி உண்டு. வரலாற்றாசிரியர்கள் அதைத் தொடுவதில்லை. 1990களில் ஒவ்வொரு சிற்றூரிலும் கேபிள்காரர் நடத்திய லோக்கல் சேனல். பகலில் ஒரு படம், இரவில் ஒரு படம், நடுவில் திருவிழா, பள்ளி ஆண்டு விழா, நகைக்கடை விளம்பரம். இதுதான் உண்மையில் நம் ஊர்த் தொலைக்காட்சி. அதில் ஊர்ப் பெண்கள் வந்தார்கள். எப்படி? மஞ்சள் நீராட்டு விழா வாழ்த்தில் மாலையோடு நிற்கும் சிறுமியாக; திருமண வாழ்த்தில் மணப்பெண்ணாக; கண்ணீர் அஞ்சலியில் படமாக. பூப்பு, கல்யாணம், சாவு. ஒரு பெண்ணின் வாழ்க்கையில் ஊருக்கு அறிவிக்கத் தக்கவை இந்த மூன்றுதான் என்று தினமும் பத்து முறை சொன்னது அந்தச் சேனல். தன் உடலில் நடந்ததை ஊரே பார்க்கும்படி அறிவிக்க அந்தச் சிறுமியிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை. அவளுடைய மதிப்பெண்ணுக்கு அதே அளவு விளம்பரம் கொடுத்த குடும்பங்களை விரல்விட்டு எண்ணலாம்.

2006இல் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் பெட்டியை ஏழை வீட்டுக்குள் கொண்டுவந்தது. அதைக் கேலி செய்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அடுத்தவர் வீட்டு வாசலில் நிற்க வேண்டிய அவமானத்திலிருந்து லட்சக்கணக்கான பெண்களை அது விடுவித்தது. ஆனால் பெட்டி வந்ததே தவிர, பெட்டிக்குள் போகிற வழி திறக்கவில்லை. பார்வையாளராகும் உரிமை கிடைத்தது; சொல்கிறவராகும் உரிமை கிடைக்கவில்லை.

அது எவ்வளவு பெரிய இழப்பு என்பது 2024 ஜூனில் தெரிந்தது. கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இறந்தவர்களில் பெண்களும் ஒரு திருநங்கையும் உண்டு. ஒப்பாரி வைக்கும் பெண்களின் முகத்துக்கு நேரே மைக்குகள் நீண்டன. சில நாட்களில் கேமராக்கள் கல்வராயன் மலை ஏறின. ஊறல் பானைகளைப் போலீஸ் உடைக்கும் காட்சி திரும்பத் திரும்ப ஓடியது. மெத்தனால் தொழிற்சாலையிலிருந்து வரும் ரசாயனம், மலையில் காய்ச்சுவதல்ல. அந்த வேறுபாட்டை நிதானமாக விளக்குவதைவிட உடைகிற பானை திரைக்கு வசதியாக இருந்தது. ஒரு மலையே குற்றவாளியாகத் தெரிந்தது. கரியாலூரில் ஓர் அக்கா என்னிடம் சொன்னார்: “எங்க மலய டிவில காட்டுனா, கீழ இருக்கிற சொந்தக்காரங்க போன் போட்டு, இப்ப யாரு செத்தாங்கன்னு கேக்குறாங்க.” தொலைக்காட்சி பற்றி நான் வாசித்த எந்த ஆய்வைவிடவும் இது கூர்மையான விமர்சனம்.

மலைவாழ் மக்களின் வாழ்நிலையைச் சென்னை உயர் நீதிமன்றம் அதற்குப் பிறகு தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. சாலை இல்லாமல் கர்ப்பிணியைத் தூளி கட்டித் தூக்கி வருவது, ரேஷன் அரிசிக்காக மலை இறங்கி நடப்பது எல்லாம் பெண்கள் அன்றாடம் அறிந்த செய்திதான். அது செய்தியாவதற்குச் சாவும் நீதிமன்றமும் தேவைப்பட்டன.

வேறு வழி இல்லையா? தெலங்கானாவின் பஸ்தாபூரில், டெக்கான் டெவலப்மென்ட் சொசைட்டியோடு இணைந்த தலித் பெண்கள் பல ஆண்டுகளாகத் தாங்களே கேமரா பிடிக்கிறார்கள். எழுத்து தெரியாதவர்களும் அதில் உண்டு. தங்கள் விதைகளையும், பி.டி. பருத்தி போட்டு நட்டப்பட்ட விவசாயிகளையும் அவர்கள் படமெடுத்தார்கள். 2008இல் தங்களுக்கென்று ஒரு சமூக வானொலியையும் தொடங்கினார்கள். கேமரா யார் தோள் உயரத்தில் இருக்கிறதோ, அவர் உலகம்தான் படத்தில் வரும். அவர்கள் அதை நிரூபித்திருக்கிறார்கள்.

2024 ஜனவரியில் பொதிகை, டிடி தமிழ் என்று பெயர் மாறியது. பெயரிலிருந்து ஒரு மலை போய்விட்டதே என்று சிலர் வருந்தினார்கள். எனக்கு அந்த வருத்தம் இல்லை. மலையின் பெயர் இருந்த காலத்திலும் மலைப் பெண்கள் அதில் பேசியதில்லை. தொலைக்காட்சிக்கு ஐம்பதாண்டு வரலாறு எழுதப் போகிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: எத்தனை பெண்கள் திரையில் வந்தார்கள் என்று எண்ணாதீர்கள். எந்தப் பெண்கள் கேள்வி கேட்டார்கள், யாரைப் பார்த்துக் கேட்டார்கள் என்று எண்ணுங்கள். அந்தக் கணக்கில் கரியாலூருக்கு நேராக என்ன எழுதுவீர்கள்?